மேட்டில் நின்று அளந்த வெள்ளம்

எங்கள் வருவாய்க் கிராமத்தின் பேருக்கு நேராக 'குறைவாகப் பாதிக்கப்படக்கூடியது' என்று போட்டிருக்கிறது. தாலுகா ஆபீசுக்கு ஒரு சாதிச் சான்றிதழ் விசயமாகப் போனபோது மேசைமேல் கிடந்த பட்டியலைத் தலைகீழாக இருந்தபடியே படித்துவிட்டேன். வங்கிக் குமாஸ்தாவுக்கு எதிர்ப்பக்கத்துத் தாளைத் தலைகீழாகப் படிக்க வரும், பத்து வருசப் பழக்கம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி எங்கள் காலனிக்குள் வந்தது. என் சித்தி வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்தின் கீழ்ச்சட்டம் வரைக்கும் ஏறி நின்றது. அந்தக் கோடு இன்னமும் இருக்கிறது, சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. நான் பார்த்த பட்டியல் அந்த வெள்ளத்துக்கு அப்புறம் தயாரானது.

பட்டியலில் யாரும் பொய் எழுதிவிடவில்லை தோழர்களே. கிராமம் என்றால் அவர்கள் கணக்கில் ஊர்த்தெரு. வி.ஏ.ஓ. ஆபீஸ் ஊர்த்தெருவில், ரேசன் கடை ஊர்த்தெருவில், பெருமாள் கோயில் ஊர்த்தெருவில். அங்கே தண்ணி வரவில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது. மேட்டில் நின்று பார்த்தால் கிராமம் தப்பித்துவிட்டது என்றுதான் தெரியும். அரை கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் கிடக்கிற நூத்திச் சொச்சம் வீடுகளும் அதே வருவாய்க் கிராமம்தான். ஒரு கிராமத்துக்கு ஒரு பேர், ஒரு பேருக்கு ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண் யாருடைய வாசப்படியில் எடுக்கப்பட்டது என்பதுதான் எனக்குக் கேள்வி.

இந்தப் பத்திரிகையில் சுற்றுச்சூழல் பற்றி எழுதினால் சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது புலி, யானை, பறவை பார்க்கிறவர்கள் சமாச்சாரம், நமக்கு வன்கொடுமை வழக்கே தலைக்கு மேல் கிடக்கிறது என்பார்கள். மகாத்தில் 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் இறங்கிக் குடித்தது சவுதார் குளத்துத் தண்ணியை. நம் அரசியல் தண்ணியில் தொடங்கியது. குடிக்கிற தண்ணியை மறுத்த அதே கைதான் வடிகிற தண்ணியை நம் பக்கம் திருப்பி விடுகிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

எந்தப் பகுதி எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதன்படி எங்கே அணை பலப்படுத்துவது, எங்கே புயல் பாதுகாப்பு மையம் கட்டுவது, எங்கே பணம் ஒதுக்குவது என்று முடிவெடுப்பது இன்று உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. தென் பசிபிக் தீவு நாடுகளுக்கான புவி அறிவியல் ஆணையம் 50 குறியீடுகளை வைத்து நாடுகளின் சூழல் பலவீனத்தை அளக்க ஒரு முறையைக் கொண்டுவந்தது. சின்னத் தீவுகள், கடல் விழுங்கிவிடும் என்ற பயம், அதனால் அளந்தார்கள். நியாயமான பயம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழு 2014-இல் தன் ஐந்தாவது அறிக்கையில் இதைக் கொஞ்சம் தெளிவுபடுத்தியது. புயல், வெள்ளம், வறட்சி ஆகியவை ஆபத்து. அந்த ஆபத்து வருகிற பாதையில் யார், எது நிற்கிறது என்பது ஒன்று. அடி விழுந்தால் எவ்வளவு வலிக்கும், எழுந்து நிற்க வலு உண்டா என்பது இன்னொன்று. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பேரிடர். மழை மட்டுமே பேரிடர் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்க ஆயா இதைப் படிக்காமலே சொல்லும்: "மழை எல்லாருக்கும்தாண்டா பேயுது, நனையறது நாமதான்."

இந்தியாவுக்கு வருவோம். ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாநிலங்களையும் மாவட்டங்களையும் ஒரே அளவுகோலில் வைத்துக் காலநிலை பலவீனத்தை மதிப்பிட்ட அறிக்கை. மாநில அளவில் 14 குறியீடுகள். ஜார்க்கண்ட், மிசோரம், ஒடிசா, சத்தீஸ்கர், அஸ்ஸாம், பீகார், அருணாசலப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று எட்டு மாநிலங்கள் அதிகம் பலவீனமானவை என்று வந்தது. தமிழ்நாடு, கேரளம், மகாராட்டிரம் எல்லாம் குறைந்த பலவீனம் உள்ள கூட்டத்தில். ஒப்பீட்டில்தான் குறைவு, ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அதைப் புரிந்துகொள்கிறேன். கிழக்கு மாநிலங்களின் வறுமையை அந்த அறிக்கை வெளிச்சம் போட்டுக் காட்டியதையும் மறுக்கவில்லை. அங்கே ஆதிவாசிகளும் நம் சனங்களும்தான் நிறைய.

ஆனால் அந்த 14 குறியீடுகளையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே எத்தனை பேர், மழையை நம்பிய விவசாயம் எவ்வளவு, பயிர்க் காப்பீடு எவ்வளவு, சிறு குறு நிலவுடைமைகள் எத்தனை சதம், சாலை ரயில் வசதி, மருத்துவப் பணியாளர்கள், கொசுவாலும் தண்ணியாலும் வரும் நோய்கள், நூறு நாள் வேலையில் குடும்பத்துக்குச் சராசரி எத்தனை நாள் கிடைத்தது, பெண்கள் வேலைக்குப் போவது, காடு, இப்படிப் போகிறது. சாதி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. சிறு குறு நிலவுடைமை என்கிறார்களே, அதில் நிலமே இல்லாதவன் எங்கே வருவான்? உடைமைகளை எண்ணும்போது உடைமை இல்லாதவன் எண்ணிக்கைக்கே வரமாட்டான். அரை ஏக்கர் வைத்திருப்பவன் 'பலவீனம்' என்று கணக்கில் ஏறுகிறான். அவன் வயலில் நாற்று நடுகிறவள் கணக்கிலேயே இல்லை. பயிர்க் காப்பீடும் அப்படித்தான். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் கட்டுகிற தாள்களை நானே கவுண்ட்டரில் வாங்கிப் பதிந்திருக்கிறேன். அடங்கல் இருந்தால் காப்பீடு. பயிர் அழுகினால் அறுப்புக் கூலியும் சேர்ந்து அழுகுகிறதே, அதற்கு எந்த அடங்கல் கொண்டுவருவது?

இந்தக் கணக்குப் போடுகிற விதம் எனக்குப் புதுசில்லை. வங்கியில் கடன் கேட்டு வருகிறவருக்கு மார்க் போடுகிற மாதிரிதான். ஒவ்வொரு குறியீட்டிலும் ஆகக் குறைந்தவருக்குப் பூச்சியம், ஆக அதிகமானவருக்கு ஒன்று. நடுவில் இருப்பவரை நடுவில் வைத்து, எல்லாத்தையும் கூட்டி வகுத்தால் ஓர் எண் வரும். 0.42, 0.67 என்கிற மாதிரி. அந்த எண் பார்க்க ரொம்பச் சுத்தமாக இருக்கும். எண்ணுக்குள்ளே யார் நசுங்கினார்கள் என்று தெரியாது. சராசரி எடுப்பது ஒரு கணக்கு வேலை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரையும் சேரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அது அரசியல் வேலையாகிவிடுகிறது. கோயிலுக்குள் விடாதவர்கள், டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவர்கள், சராசரி எடுக்கும்போது மட்டும் நம்மைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதம். திருவாரூர் மாவட்டத்தில் 34. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31-க்கு மேல். எங்கள் கடலூரில் 29. இந்த மூன்று மாவட்டங்களும்தான் புயலும் வெள்ளமும் வந்து இறங்குகிற வாசல். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலூர் மாவட்டத்தைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகின்றன. மேற்கே எங்கே மழை பெய்தாலும் எங்களுக்கு வரும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2018 நவம்பர் 16 கஜா, 2024 பெஞ்சல். ஆபத்தின் வரைபடத்தையும் சேரிகளின் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு ஆபீசருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சேரி ஏன் பள்ளத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், அது இயற்கை என்கிறார்கள். இயற்கையா? மேட்டை எடுத்துக்கொண்டவன் நம்மை வயலுக்குப் பக்கத்தில், வடிகால் ஓரத்தில், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற தூரத்தில், தொட்டுவிடாத தூரத்தில் குடிவைத்தான். கொஞ்சம் நிலமாவது இருந்திருந்தால் அப்பன் காலத்திலேயே மேட்டுக்கு ஏறியிருப்போம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892-இல் பஞ்சமி நிலம் என்று சுமார் 12 லட்சம் ஏக்கர் நமக்காக ஒதுக்கப்பட்டது. அது இப்போது யார் கையில் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்காகப் போராடிப் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்த ஜான் தாமசும் ஏழுமலையும் மீட்கப் போனது நிலத்தைத்தான். இன்றைய ஆய்வாளர் மொழியில் அதற்குச் 'சமாளிக்கும் திறன்' என்று பேர்.

எனக்குப் பன்னிரண்டு பதிமூணு வயசில் சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்தார்கள். கடலோர மீனவச் சனங்கள் பட்ட துன்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் நிவாரணம் என்று வந்தபோது 'பாதிக்கப்பட்டவர்' என்றால் படகு வைத்திருந்தவர், வலை வைத்திருந்தவர் என்று ஆகிப்போனது. கடல் தண்ணி ஏறி உப்புப் படிந்த வயலுக்கு நிலச்சொந்தக்காரருக்கு உதவி. அந்த வயலில் கூலி வேலை செய்த நம் சனத்துக்கு, உப்பளத்தில் உழைத்தவர்களுக்கு, ஓடைகளில் கையால் தடவி இறால் பிடித்த இருளர்களுக்கு, 'உனக்கு என்ன போச்சு?' என்ற கேள்விதான் முதலில் வந்தது. முகாம்களில் தலித்துகள் தனியே ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. உடைமை இருந்தால்தான் இழப்பு என்று கணக்கு வைத்தால், ஒண்ணும் இல்லாதவன் ஒண்ணும் இழக்காதவன் ஆகிவிடுகிறான்.

இதையே நான் கஜாவின்போது கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிளையில் மாற்றலில் இருந்தேன். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. முழுசாக விழுந்த குடிசைக்கு 10,000. கணக்கு நமக்குக் கைவந்த தொழில் ஆச்சே, வகுத்துப் பார்த்தேன். ஒரு குடிசை, அதில் இருந்த பானை சட்டி பாய் பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சேர்த்து, ஒன்பது தென்னைக்குக் கொஞ்சம் மேல். தென்னை வைத்திருந்தவர்களும் பாவம்தான், இருபது வருசம் பிள்ளை மாதிரி வளர்த்த மரம். அவர்கள் அழுததை நான் பார்த்தேன். ஆனால் அந்த மரம் ஏறியவர், தேங்காய் உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், கயிறு திரித்தவர்கள், இவர்களுக்கு இனிமேல் வேலையே கிடையாது. புது மரம் காய்க்க எத்தனை வருசம்! அவர்கள் பேரில் ஒரு ரூபாய் கணக்கு வரவில்லை. அவர்கள் எங்கள் கிளைக்கு வந்தார்கள், நகைக்கடன் வரிசையில். ஒரு அம்மா ஒரு ஜோடி தோட்டைக் கழற்றி வைத்தது. உரசிப் பார்த்து எடை போட்டால் ஒரு கிராம் சொச்சம். "இம்மாங்கூண்டு வெச்சு என்னம்மா வாங்கப் போற" என்று நகை மதிப்பீட்டாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனா சிரிக்காததால என்ன ஆச்சு? அதே வட்டிதான் போட்டேன்.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, நிவாரணம், இழப்பீடு வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நல்ல பிரிவு. மாணவத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பயன்படும். ஆனால் அதிகாரிகள் அதை எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? 'நாங்க சாதி பார்க்கிறதில்லை சார், சட்டமே பார்க்கக்கூடாதுன்னு சொல்லுது.' இதை என்னிடம் ஒரு வருவாய்த்துறை ஊழியர் ரொம்பப் பெருமையாகவே சொன்னார். சாதி பார்த்துக் கொடுக்காதே என்று சட்டம் சொன்னதை, சாதியால் விழுந்த பள்ளத்தையும் பார்க்காதே என்று மாற்றிக்கொண்டார்கள். அதோடு 61-ஆம் பிரிவு பேசுவது நிவாரணத்தைப் பற்றி. அதாவது மூழ்கின பிறகு. மூழ்குவதற்கு முன்னால், மதிப்பிடும்போதே நடக்கிற பாகுபாட்டைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பட்டியலில் 'குறைவு' என்று போட்டுவிட்டால் படகு வராது, மணல் மூட்டை வராது, முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்த வண்டி வராது. அப்புறம் நிவாரணத்தில் சமத்துவம் காட்டி என்ன பிரயோசனம்?

பாதுகாப்பு மையம் எவ்வளவு தூரம் என்று ஒரு கேள்வி இந்த ஆய்வுப் படிவங்களில் வரும். எங்கள் காலனியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடம் 600 மீட்டர். படிவத்தில் அது நல்ல மதிப்பெண். அந்த ராத்திரி எங்கள் சனம் அங்கே போகவில்லை. ஊர்த்தெருவைத் தாண்டிப் போகவேண்டும், அங்கே போய்ப் பொம்பளைப் பிள்ளைகளோடு படுக்கவேண்டும். 'வாங்க'ன்னு ஒரு ஆள் கூப்பிடலை. நெடுஞ்சாலையில் ஏறி லாரி நிறுத்துகிற இடத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். 600 மீட்டர் என்பது சாதி நடந்து போனால் எத்தனை கிலோமீட்டர் என்று அளக்க எந்தக் குறியீடு இருக்கிறது? அந்த வாரத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். வெள்ளத்தால் இல்லை, வயசு. சுடுகாட்டுப் பாதையில் இடுப்பளவு தண்ணி. பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனோம். எந்த ஆய்விலும் சுடுகாட்டுப் பாதை ஒரு குறியீடாக வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பலவீனமான பகுதி என்று நம்மைக் கணக்கில் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சென்னையைப் பாருங்கள். கூவம், அடையாறு கரையோரக் குடிசைகள் ஆபத்தான இடத்தில் இருக்கின்றன என்று 2015 வெள்ளத்துக்குப் பிறகு மிகச் சரியாகவே மதிப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை அள்ளிக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடங்களில் அடைத்தார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் விரிந்து தென்சென்னையின் தண்ணியை எல்லாம் வாங்கிக்கொண்ட சதுப்பு அது. இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குதான். அதை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கமெல்லாம் தண்ணி நின்றது. ஆற்றங்கரையிலிருந்து சதுப்பு நிலக்கரைக்கு. அதுவும் வேலை, பள்ளிக்கூடம், பழகின டீக்கடை எல்லாத்தையும் இழந்து, இருபது கிலோமீட்டர் தள்ளி. அதே சதுப்பைத் தின்று நிற்கிற கண்ணாடிக் கம்பெனிகளை யாரும் 'ஆபத்தான இடம்' என்று சொல்லிக் காலி செய்யவில்லை. ஆக, மதிப்பீடு இல்லாவிட்டால் மூழ்கடிப்பார்கள், மதிப்பீடு இருந்தால் துரத்துவார்கள்.

இதனால்தான் சில தோழர்கள், இந்த வரைபடம் அளவுகோல் எல்லாம் ஆளுகிறவன் கருவி, நாம் அதைக் கையில் தொடவே கூடாது என்கிறார்கள். ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்கு உடன்பாடில்லை. அளவுகோல் கெட்டது என்று ஒதுங்கினால் அவன் அளந்ததே அளவு என்று ஆகிவிடும். இன்னொரு தோழர், சேரியைத் தனியாகக் குறித்தால் அதுவும் ஒரு முத்திரை குத்தல்தானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது தோழர், மண்ணிலே குத்தியிருக்கிறது. தாளில் குறிப்பது நாம் கோருவதற்காக. யார் குறிக்கிறார்கள், எதற்காகக் குறிக்கிறார்கள், குறித்த பிறகு அந்த இடத்துச் சனத்தைக் கேட்டு முடிவெடுக்கிறார்களா என்பதில்தான் சண்டையே.

யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்க ஆயாவோட தம்பி, சின்னத் தாத்தா, ஏரிக்கு நீர்க்கட்டி. பல ஊர்களில் ஏரி மடையைத் திறந்து மூடி, கடைமடை வரைக்கும் தண்ணி பாய்ச்சுகிற வேலை தலித்துகளிடம்தான் இருந்தது. கூலி நெல்லாகக் கொடுப்பார்கள். எந்த வாய்க்கால் எந்த மாசத்தில் தூர்ந்திருக்கும், எந்தக் கரை எங்கே இளகும், மேற்கே எத்தனை மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் இங்கே வரும், எல்லாம் அவருக்குக் காலால் தெரியும். படிப்பு கிடையாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி சாயந்தரமே, "ஆத்துச் சத்தம் மாறிப்போச்சு, சாமானை மேல ஏத்துங்க"ன்னு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். எச்சரிக்கைக் குறுஞ்செய்தி எங்களுக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். தண்ணியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆள் சேரியில். தண்ணியைப் பற்றி முடிவெடுக்கிற ஆள் ஊரில். அறிக்கை எழுதுகிறவர் நகரத்தில். எந்த ஆய்வுக் குழுவும் சின்னத் தாத்தாவிடம் வந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. தண்டோரா போட மட்டும் நம்மாளைக் கூப்பிடுவார்கள். அந்தத் தண்டோராவையும் 2022-இல்தான் அரசு தடை செய்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் கொத்தனார்களும் சித்தாள்களும் நிறைய. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணி டியூப் எல்லார் வீட்டிலும் கிடக்கும். இரண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதுக்குச் சாதி தெரியாது. நாலு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பெருமாள் கோயில் படிக்கட்டிலிருந்து ஆரம்பித்து, கழி நட்டுக் கோடு போட்டு, துண்டு துண்டாக அளந்து எங்கள் காலனி நடுத்தெரு வரைக்கும் கொண்டுவந்தோம். கோயில் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னடா பண்றீங்க என்று கேட்டார்கள். 'மட்டம் பார்க்கிறோம்' என்றோம். பொய் இல்லையே. கணக்கு முடிந்தபோது படிக்கட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் வித்தியாசம் ஆறு அடி நாலு அங்குலம் என்று வந்தது. ஒரு ஆள் உயரம். அப்புறம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் 2015 கோடு, 2024 கோடு, தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒரு நோட்டில் எழுதினோம். 2015-இல் குழந்தையாக இருந்த பிள்ளைகள்தான் டேப் பிடித்தார்கள். யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யார் நிறைமாசம், எந்த வீட்டில் பட்டா இல்லை, எந்த மின்கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த வடிகாலைத் தெற்கே யார் மண்ணடித்து மூடியிருக்கிறார், எல்லாம் ஏற்றினோம். கடைசி விசயத்தை எழுதும்போது சிலர் பயந்தார்கள். வயலுக்குக் கூலிக்குக் கூப்பிடமாட்டான் என்றார்கள். அந்தப் பயமும் பலவீனத்தின் ஓர் அளவுதானே. பேரைப் போடாமல் சர்வே எண்ணை மட்டும் போட்டோம்.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் இதை வைத்தோம். கிராமசபை ஊர்ப் பக்கம்தான் நடந்தது. இருந்தாலும் போனோம், அறுபது பேருக்கு மேல். 'வருவாய்க் கிராமத்துக்கு ஒரே தரம் போடாதே, குடியிருப்புக் குடியிருப்பாகத் தரம் போடு' என்று ஒரு தீர்மானம். சலசலப்பு வந்தது. ஊர்க்காரர் ஒருவரே எழுந்து, "அவங்க சொல்றது நெசந்தான், பள்ளம் பள்ளம்தானே" என்றார். அதையும் எழுதத்தான் வேண்டும். தீர்மான நோட்டில் ஏறியது. அதன் நகலையும் எங்கள் நோட்டின் நகலையும் வைத்துக் கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளில் மனு கொடுத்தோம். வட்டாட்சியருக்கு 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பியிருப்பதாக ஒரு தாள் வந்தது. வட்டாட்சியர் ஆபீசில் கேட்டால் ஆர்.ஐ.க்குப் போயிருக்கிறது என்கிறார்கள். ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வைக் கேட்டிருக்கிறார். வி.ஏ.ஓ. என்னிடம் போனில் கேட்டார், "சார், அந்த நோட்டு ஒரு காப்பி கிடைக்குமா?"

கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

கவிதை எழுதுகிறவனுக்கு இந்த அங்குலக் கணக்கெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வெள்ளத்தைப் பற்றி நானும் கவிதை எழுதியிருக்கிறேன். அதைப் படித்து ஒருத்தரும் மணல் மூட்டை கொண்டுவரவில்லை.

கொள்ளிடக் கரையிலும் பரவனாற்றுப் பக்கமும் இருக்கிற காலனிகளில் இதே மாதிரி அளக்கவேண்டும் என்று சில மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். பரவனாற்றில் நெய்வேலிச் சுரங்கத் தண்ணியும் சேர்ந்து வருகிறது, அங்கே கணக்கு இன்னும் சிக்கல். டியூப் எங்களிடம் இருக்கிறது, நாற்பது அடி நீளம். கொத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள், பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மழை விடாது. புரட்டாசிக்குள் எந்தெந்த ஊர் என்று பத்திரிகை முகவரிக்கு எழுதிப் போடுங்கள். நோட்டு நீங்கள் கொண்டுவாருங்கள், இருநூறு பக்கம் உள்ளதாக.